பாலசந்தரின் சின்னத்திரையும் மரக்காணத்து உப்பளமும்

கதை எங்கே நடக்கிறது என்ற கேள்விக்குத் தமிழ் இலக்கணம் கொடுத்த இடம் பெரியது. தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். கூடுவதும் பிரிவதும் ஊடுவதும் இரங்குவதும் உரிப்பொருள். பாட்டின் உயிர் உரிப்பொருள்தான் என்பதில் நம் புலவர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனாலும் அந்த உயிர் நிற்க ஒரு தரை வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நெய்தல் பாட்டில் ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் அருகே கழி இருக்கும், மீன் காயும், உப்பு விளையும். அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் பெண், உப்பு வணிகரான உமணரின் மகள். நெல்லுக்கு உப்பு மாற்ற ஊருக்குள் விலை கூவி வருகிறவள். தலைவனின் மனம் தடுமாறுவது அவளைக் கண்டுதான். தொழிலைக் கழித்துவிட்டு அந்தக் காதலைச் சொல்ல முடியாது. இன்றைய தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச இவ்வளவு பழைய அளவுகோல் எதற்கு என்று தோன்றலாம். நம்மிடம் இதைவிடக் கூர்மையான அளவுகோல் இல்லை என்பதால்தான் அதை எடுக்கிறேன்.

அளந்து பார்க்க மரக்காணத்தைவிடப் பொருத்தமான கரை குறைவு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். புதுச்சேரி இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கிறது. சாலையின் ஓரத்திலேயே பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளம். ஒரு பக்கம் கழிமுகம், இன்னொரு பக்கம் 2021 இறுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த நூலைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைக்கழிநாடு, மரக்காணத்துக்கு வடக்கே அடுத்தாற்போல் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த அந்த உள்ளூர்ப் புலவர், தம் கரையையும் அதன் மக்களையும் அவர்கள் விருந்தினருக்குக் கொடுத்த உணவையும் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

உப்பு தானாக விளைவதாக நினைப்பவர்கள் அதிகம். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கும் உப்பு ஏறத்தாழ 35 கிராம்தான். கழி நீரை வாய்க்கால் வழியே ஏற்றி, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலில் அதன் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். முதலில் ஜிப்சம் கீழே தங்கும். அதன்பிறகு சரியான பதத்தில் கடைசிப் பாத்தியில் விட்டால்தான் வெள்ளை உப்பு படியும். பதம் தாண்டினால் கசக்கும். அந்தக் கடைசிப் பாத்தியின் தரையைப் பருவத் தொடக்கத்தில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லையேல் உப்போடு சேறு வரும். வெயில் ஏறும் முன்பே நீண்ட காம்புப் பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்க்கிறார்கள். பிறகு கூடை, தலைச்சுமை, அம்பாரம். மழை நின்றபின் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடும். மழை மாதங்களில் வேலை இல்லாத குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அந்த மூன்று மாதத்தை அதை வைத்துக் கடப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாழ்க்கையின் இறுக்கம் புரியும்.

இந்த வீடுகளிலும் மாலையில் தொடர் ஓடுகிறது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி தமிழகத்தின் கடைசிக் குடிசை வரை போனது. அதற்குப்பின் சீரியல் பார்க்காத கிராமம் என்று ஒன்று இல்லை. ஆனால் அந்தத் திரையில் தெரிவது ஒரு ஹால். சோபா, மாடிப்படி, பூஜையறை, கல்யாண மண்டபம், மருத்துவமனை வராந்தா. உரிப்பொருள் கொட்டிக் கிடக்கிறது: மாமியார் மருமகள் சண்டை, சொத்து, கள்ளக் காதல், தாய்ப்பாசம். முதற்பொருளும் கருப்பொருளும் இல்லை. ஹாலில் இருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் 'பிசினஸ்' என்று பதில் வரும். இந்த நிலை ஊடகத்தின் இயல்பால் வந்ததாகவும், வேறு வழியே இருந்திருக்க முடியாது என்றும் சொல்கிறார்கள். அப்படி இல்லை என்பது என் வாதம். எந்த நிலம் கதையாகும் என்பதைத் தயாரிப்பாளரும் எழுத்தாளரும் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்ச் சின்னத்திரையின் தொடக்க காலத்தில் அந்தத் தேர்வு திறந்தே இருந்தது. இதற்கு ஒரு தந்தையும் மகனும் சாட்சி: கே. பாலசந்தர், பால கைலாசம்.

பாலசந்தர் 1930 ஜூலை 9-ல் நன்னிலத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் சில காலம் ஆசிரியராக இருந்தார். அதுவும் அலையாத்திக் காடு சூழ்ந்த கழிக்கரை ஊர்தான். 1950-ல் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, வேலை நேரம் போக மேடை நாடகம் எழுதினார். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' எல்லாம் அந்த நாடகக் காலத்துப் பயிர். 1964-ல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதி, 1965-ல் 'நீர்க்குமிழி'யை இயக்கி, சினிமாவில் அவர் எட்டிய உயரம் எல்லாருக்கும் தெரியும். இங்கே நமக்கு வேண்டியது ஒரே ஒரு படம். 1981-ல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை எடுத்து 'தண்ணீர் தண்ணீர்' செய்தார். குடிநீர் இல்லாத அத்திப்பட்டி என்ற கரிசல் கிராமம். தண்ணீர் கொண்டுவர ஒப்புக்கொள்ளும், தலைமறைவாக வந்த ஒருவன். கிராமத்தைக் கைவிடும் அரசு இயந்திரம். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. நகரத்து நடுத்தர வர்க்க வீட்டை விட்டு வெளியே போகத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாதபடி அந்தப் படம் நிற்கிறது. நிலத்தை முதலில் வைத்து அதிலிருந்து கதையை எழுப்ப அவருக்குத் தெரியும்.

அந்தக் கை சின்னத்திரைக்கு வந்தது தமிழ்த் தொலைக்காட்சிக்குக் கிடைத்த பேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியிருந்தது. சினிமாவில் உச்சத்தில் இருந்தவர்கள் அந்தச் சிறிய பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், பாலசந்தர் தூர்தர்ஷனுக்காக 'ரயில் சிநேகம்' செய்தார். பிறகு 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்ததும் தனியார் தொலைக்காட்சியின் கதவு திறந்தது. 'கையளவு மனசு', 'காதல் பகடை', 'பிரேமி', 'ஜன்னல்' என்று தொடர்ந்து எழுதி இயக்கினார். சாவை எதிர்நோக்கும் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு வேறு வீடுகள் தேடுவதுதான் 'கையளவு மனசு'. கீதா நடித்த அந்தத் தாயையும், 'பிரேமி'யில் ரேணுகாவையும் நினைவு வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. 1985-ல் வந்த தன் 'சிந்து பைரவி' படத்தின் தொடர்ச்சியை 2003-ல் 'சஹானா' என்று சின்னத்திரையில்தான் எழுதினார். படம் வெற்றியா தோல்வியா என்ற பதற்றம் முடிந்த வயதிலும், எண்பதைத் தாண்டிய பிறகும், தொடருக்குக் கதை யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். பெண்ணின் முடிவெடுக்கும் உரிமையைத் தொடர்களின் நடுவில் வைத்ததுதான் சின்னத்திரையில் அவர் செய்த பெரிய காரியம். இதை மனசாரச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அளவுகோலை அவருக்காக வளைக்க முடியாது. 'தண்ணீர் தண்ணீர்' எடுத்தவர் தன் தொடர்களில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நாடக மேடையின் நான்கு சுவரில் வளர்ந்த எழுத்துக்குச் சின்னத்திரையின் நான்கு சுவர் ஏற்றதாக அமைந்தது. சிறிய திரையில் முகம்தான் பேசும் என்று அவர் கணித்தார். வசனத்தில் அவருக்கு இருந்த வலிமையும் அந்தப் பக்கமே இழுத்தது. அது பிழையான கணிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு தேர்வு. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தத் தேர்வையே இயற்கை விதியாக எடுத்துக்கொண்டார்கள், அவருடைய கூர்மையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மறு தேர்வு அவர் வீட்டிலிருந்தே வந்தது. மகன் பால கைலாசம் அமெரிக்காவில் திரைக்கலை படித்தவர், ஆவணப்படக்காரர். மரபுச் சிற்பக் கலையைப் பற்றி அவர் செய்த 'வாஸ்து மரபு' தேசிய விருது பெற்றது. ஆவணப்படம் எடுப்பவனுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும்: இடத்துக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பது. அவர் நடத்திய 'மின்பிம்பங்கள்' நிறுவனம் தந்தையின் தொடர்கள் பலவற்றைத் தந்தது. அதோடு 'மர்மதேசம்' வரிசையையும் தந்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் பெரும்பாலும் நாகா. 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' என்று தொண்ணூறுகளில் வாரம் ஒரு நாள் அந்தத் தொடர் வரும் நேரத்துக்குத் தெரு காலியானது. மர்மக் கதை என்பதால் ஓடியது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 'விடாது கருப்பு'வைத் திரும்பப் பார்த்தால் அது போதாது என்று தெரியும்.

அதில் ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு ஒரு காவல் தெய்வம்; குதிரையேறி இரவில் சுற்றும் கருப்பசாமி. தப்புச் செய்தவனைக் கருப்பு தண்டிக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அடியில் பழைய பகை, சொத்து, ஒரு குழந்தையின் மனதில் விழுந்த காயம். மனநல மருத்துவம் ஒரு பக்கம் விளக்கம் சொல்கிறது, ஊர் இன்னொரு விளக்கம் சொல்கிறது, தொடர் இரண்டையும் மோதவிட்டுப் பார்க்கிறது. தெய்வமும் பொழுதும் ஊரும் இல்லாமல் அந்தக் கதையில் ஒரு காட்சிகூட நிற்காது. அதாவது முதலும் கருவும் உரியும் மூன்றும் ஒன்றாக இருந்த தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் அது. எடுத்தவர்கள் தொல்காப்பியத்தை நினைத்துக்கொண்டு எடுத்தார்களோ இல்லையோ, பலன் அதுதான். அதை மக்கள் ஒதுக்கவில்லை, கொண்டாடினார்கள். நடிகர்கள் சேத்தனையும் தேவதர்ஷினியையும் வீட்டுக்கு வீடு தெரியவைத்தது அந்தத் தொடர்.

பிறகு ஏன் வழி மாறியது? பணம் எப்படிப் புரண்டது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். அக்காலத்துத் தனியார் சேனல் முறையில் தயாரிப்பாளர் அரை மணி நேர ஸ்லாட்டுக்குச் சேனலுக்குக் கட்டணம் செலுத்தினார். அதற்கு ஈடாக அந்த அரை மணியில் சில நிமிட விளம்பர நேரம் அவருக்குக் கிடைத்தது. அதை விற்றுத்தான் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். வாரத் தொடர் தினத் தொடர் ஆனதும் கணக்கு மாறியது. 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி', 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய 'கோலங்கள்' எல்லாம் அந்தப் புதிய காலத்தின் பெருவெற்றிகள். தினமும் ஒரு எபிசோட் கொடுக்க வேண்டும் என்றால் தினமும் அவ்வளவு நிமிடக் காட்சி எடுத்தாக வேண்டும். ஒரே ஹாலில் காலை முதல் இரவு வரை எடுத்தால் அது முடியும். அவுட்டோர் போனால் யூனிட் வண்டி, பேட்டா, தங்கும் செலவு, வெயில் மாறினால் லைட்டிங் மாற்றம், காற்று அடித்தால் ஒலிப்பதிவு கெடும். உப்பளம் போன்ற இடத்தில் வெள்ளைத் தரையின் எதிரொளியே கேமராமேனுக்குச் சவால். ஹால் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் பணம்தான் முடிவு செய்தது, மனிதர்கள் இல்லையே என்று கேட்பது நியாயமான மறுப்பு. இதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் உலகத்தைச் சற்றுப் பார்த்தால் அந்த மறுப்பு முழுதாக நிற்காது. இங்கிலாந்தில் டோனி வாரன் என்ற இளைஞர், இருபதுகளின் பாதியில், தான் வளர்ந்த சால்ஃபர்டு பகுதியின் தொழிலாளர் தெருவை மனதில் வைத்து ஒரு தொடர் எழுதினார். முதலில் பதின்மூன்று எபிசோடுகளுக்குத்தான் அனுமதி. 1960 டிசம்பர் 9-ல் ஒளிபரப்பான அந்த 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகிறது. அதுவும் பெரும்பாலும் செட்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஊரின் செட். அந்த ஊரின் பேச்சு, அந்தத் தெருமுனை மதுக்கடை, அந்த வேலை. செட்டுக்குள் இருந்துகொண்டே நிலத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். செலவு கட்டுப்படுத்துவது கேமரா எங்கே நிற்கிறது என்பதை. கதாபாத்திரம் எந்த ஊர்க்காரர், என்ன வேலை செய்து சாப்பிடுகிறார், என்ன மொழி பேசுகிறார் என்பதை எழுத்தாளரின் பேனா தீர்மானிக்கிறது, அதற்கு ஸ்லாட் கட்டணம் கூடுவதில்லை. ஹாலில் உட்கார்ந்திருக்கும் மருமகள் உப்பளத்தில் கூடை சுமந்த வீட்டுப் பெண்ணாக இருக்க எந்தத் தடையும் இல்லை. அவள் பாதத்தில் உப்புநீர் அரித்த வெடிப்பு இருக்கும் என்று எழுத ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பார்ப்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. நாள் முழுக்க வெயிலில் உப்பு வாரியவர் இரவிலும் உப்பளத்தையா பார்க்க வேண்டும்? அவருக்கு நகையும் பட்டும் தெரியும் வேறு உலகம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். இதில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த வாதம் ஒரு பக்கம்தான் ஓடுகிறது. நடுத்தர வர்க்கத்து மாமியாருக்கும் மருமகளுக்கும் தங்கள் வீட்டுச் சண்டையைத் திரையில் பார்த்து அலுக்கவில்லை. தன் வாழ்க்கையைத் திரையில் காணும் இன்பம் அவர்களுக்கு உண்டு. அந்த இன்பம் உப்பளத் தொழிலாளிக்கு மட்டும் வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? டி.ஆர்.பி. எண் இருப்பவற்றுள் எது அதிகம் பார்க்கப்படுகிறது என்பதைச் சொல்லும். இல்லாததை மக்கள் விரும்புவார்களா என்று அதனால் சொல்ல முடியாது. 'விடாது கருப்பு' வரும் முன்பு, காவல் தெய்வத்தை மையமாக வைத்த தொடரைப் பட்டணம் உட்கார்ந்து பார்க்கும் என்று எந்த எண்ணும் சொல்லியிருக்காது.

உப்பளத்தில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த தொழில்களில் இதைவிடக் கதைக்கு ஏற்ற தொழில் குறைவு. நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத்துறையிடமிருந்து குத்தகை. குத்தகை என்றாலே உரிமை யாருக்கு, புதுப்பிப்பது யார், வாரிசு யார் என்ற கேள்வி வரும். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த உப்பு அம்பாரமாக வெளியில் கிடக்கும்போது ஓர் எதிர்பாராத கோடை மழை பெய்தால் உழைப்பு கரைந்து கழிக்கே திரும்பிப் போகும். நெல் நனைந்தால் முளைக்கும் என்றாவது தெரியும், உப்பு நனைந்தால் இல்லாமலே போகும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2011 இறுதியில் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைக் கடல் விட்டுவைத்ததில்லை. மழைக்கால மூன்று மாதத்தில் வாங்கிய முன்பணம் வெயில்காலக் கூலியில் கழியும். அந்தக் கடனை வைத்து எழுதக்கூடிய மாமியார், மருமகள், மைத்துனன் கதைகளை எண்ணிப் பாருங்கள். காத்திருப்பும் இரங்கலும் நெய்தலின் உரிப்பொருள் என்று புலவர்கள் வைத்தது சும்மா இல்லை. வெயிலுக்குக் காத்திருந்து, மழைக்கு அஞ்சி, கடலுக்குப் போனவனை எதிர்பார்த்து வாழும் கரை இது. மெகா தொடரின் அடிப்படைச் சரக்கே காத்திருப்புதான்.

இன்னும் கனமான ஒரு மறுப்பு இருக்கிறது. மற்றவற்றைவிட இதை நான் மதிக்கிறேன். சென்னையிலிருந்து ஒரு யூனிட் வந்து உப்பளத்தைப் படம் பிடித்தால், அது ஏழ்மையைக் காட்சிப் பொருளாக்கும். அல்லது பாடம் நடத்தும். இரண்டும் மக்களுக்கு அவமானம். இந்த அச்சத்துக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்', மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. மெக்சிகோவில் தொடர்கள் வழியே சமூகச் செய்தி சொன்ன முறையைப் பின்பற்றி, குடும்பக் கட்டுப்பாட்டைப் போதிக்கவே அது முதலில் திட்டமிடப்பட்டது. போதனை எடுபடவில்லை. போதனையைக் குறைத்து அந்தக் குடும்பத்தின் போக்கிலேயே கதையை விட்டபோதுதான் நாடே அதைப் பார்த்தது. எனவே உப்பளத்துத் துயரத்தைப் பற்றிய பிரசாரத் தொடர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மாற்று வழியும் நம் நாட்டில் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், இஸ்ரோவின் அகமதாபாத் மையம் எழுபதுகளின் நடுவில் தொடங்கிய தொலைக்காட்சித் திட்டம் பிஜ் என்ற கிராமத்து ஒளிபரப்பியிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கு நிகழ்ச்சி கொடுத்தது. கிராமத்து மக்கள் தங்கள் பேச்சுவழக்கில் தங்கள் சிக்கல்களையே நடித்தார்கள். கூலி, சாதிக் கொடுமை, நிலம் எல்லாம் கதையானது. 1984-ல் யுனெஸ்கோ அதற்கு விருது கொடுத்தது. கதை கேட்கப் போகிறவர் அங்கேயே எழுத்தாளரைத் தேடினால் அவமானத்துக்கு இடமில்லை. இடைக்கழிநாட்டு நத்தத்தனாரை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளலாம்: அந்தக் கரையைப் பாடியவர் அந்தக் கரைக்காரர்.

இப்போது காலம் வேறு மாதிரி திரும்பியிருக்கிறது. புஷ்கரும் காயத்ரியும் எழுதி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூனில் ஓடிடியில் வந்தது, எட்டே எபிசோட். மலையடிவாரத்து ஊர், அதன் தொழிற்சாலை, வேலைநிறுத்தம், மயானக் கொள்ளைத் திருவிழா எல்லாம் கதையின் எலும்பாக இருந்தன. தொண்ணூறுகளில் கைலாசம் போன பாதைக்குக் கதை மறுபடியும் வந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சந்தா கட்டுபவர்களுக்குத்தான் நிலம் கிடைக்கிறது. கேபிள் இணைப்பில் சன், விஜய், ஜீ பார்க்கும் வீட்டுக்கு இன்னும் அதே ஹால்தான். நிலத்தில் வேலை செய்கிறவர்களின் திரையில் நிலம் இல்லை, ஏ.சி. அறையில் இருப்பவர்களின் திரையில் இருக்கிறது. இந்தப் பிரிவினையைத் தமிழ்த் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பால கைலாசம் 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சிக்குப் பொறுப்பேற்று, ஒரு முழுச் சேனலையே மாற்றி யோசிக்க முயன்றார். காலம் அவருக்கு ஓராண்டுகூட முழுதாகக் கொடுக்கவில்லை. 2014 ஆகஸ்ட் 15-ல் அவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 23-ல் பாலசந்தரும் போய்விட்டார். பெயரையும் புகழையும் வைத்துப் பார்த்தால் தந்தை பெரியவர், தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர், அதில் மறுப்பில்லை. சின்னத்திரையைப் பொறுத்தவரை, அவர் பெண்ணுக்குக் குரல் கொடுத்தார், மகன் கதைக்குத் தரை கொடுத்தார் என்பது என் கணிப்பு. அவர்களுக்குப்பின் வந்த தொடர்கள் அந்தக் குரலை அழுகையாக மாற்றிக்கொண்டன. தரையை விட்டே விட்டன.

தொடர் எழுதுகிறவர்களுக்கும் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கதைக்கு டிஸ்கஷன் உட்காரும் முன் ஒரு முறை மரக்காணம் போய் வாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் போனால் பாத்தித் தரையை மிதித்துக்கொண்டிருப்பார்கள், சித்திரையில் போனால் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள், ஐப்பசியில் போனால் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். வடபழனியிலிருந்து காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.